நான்கு கிழமைத் தவணை

டென்மார்க்கில், வைலே நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தேன். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழப்போன ஒரு கிழவரைத் தாங்கிப் பிடித்தபோது என் வலது தோளில் தசைநார் கிழிந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன் பிறகும் கை தோளுக்கு மேல் எழவில்லை. தலை பின்னக்கூட என் கணவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் பின்னும் பின்னலோடு நான் வெளியே போனதில்லை.

கொம்யூன், அதாவது எங்கள் நகரசபை, எனக்குச் சுகவீனக் கொடுப்பனவு தந்தது. அவர்களுடைய கடிதங்கள் தாளில் வருவதில்லை. கைத்தொலைபேசியில் உள்ள டிஜிட்டல் அஞ்சல் பெட்டிக்கு வரும். அதில் எந்தக் கடிதம் சந்திப்புக்கு, எது வைத்தியரின் அறிக்கைக்கு என்று எனக்குப் பிடிபடவே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு, ஒரே சட்டப் பிரிவு, கடைசியில் ஒரே அன்பான வாழ்த்து.

வசந்த காலத்தில் ஒரு கடிதம் வந்தது. கொடுப்பனவை நிறுத்த யோசிக்கிறோம், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று இருந்தது. ஓஹூஸ் நகரில் படிக்கும் மகள் அங்கிருந்தபடியே பதில் எழுதி அனுப்பினாள். இரண்டு கிழமை கழித்து இன்னொரு கடிதம் வந்தது. அதே எழுத்து, அதே பந்திகள். முந்திய கடிதத்தையே திரும்ப அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. என் விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தருக்குத் தொலைபேசி எடுத்தேன். மென்மையாகப் பேசும் இளம்பெண் அவள். எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன்:

“இதற்கு நான் உடன்படவில்லை. என் கை இன்னும் எழும்பவில்லை. நான் எப்படி வேலைக்குப் போவது?”

“சரி, குறித்துக்கொள்கிறேன்” என்றாள். பிறகு வேகமாக வேறு ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் “யா, யா” என்றேன், ஆம், ஆம் என்று. இந்த நாட்டில் விளங்காத இடத்தில் எல்லாம் நான் சொல்லும் சொல் அது.

மாதம் முடிந்தும் கொடுப்பனவு வரவில்லை. தாமதமாக வரும் என்று இருந்தேன். ஒரு சனிக்கிழமை மகள் வீட்டுக்கு வந்தபோது தொலைபேசியை அவளிடம் நீட்டினேன். அவள் வாசித்துக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தாள். வழக்கம்போல டெனிஷில்தான் சொன்னாள்: “அம்மா, இது யோசிக்கிறோம் என்ற கடிதம் இல்லை. நிறுத்திவிட்டோம் என்ற கடிதம். நான்கு கிழமைக்குள் முறையீடு செய்திருக்க வேண்டும். இப்போது ஆறு கிழமை.”

கணவர் என்னைப் பார்த்தார். “இஞ்சரும், நீர் ஏன் இதை முதலே காட்டேல்லை?”

“அது பழைய கடிதம் எண்டு நினைச்சன்.”

பிந்தினாலும் முறையீட்டை அனுப்பலாம், ஏன் பிந்தியது என்று காரணம் சொல்ல வேண்டும் என்றாள் மகள். கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள்.

“எனக்கு விளங்கேல்லை எண்டு எழுது” என்றேன்.

“அம்மா, இருபத்தைந்து வருடமாக இங்கே இருக்கிறீர்கள். அதை ஏற்பார்களா?”

எனக்கு முகம் சுட்டது. அவள் என்னை நோகடிக்கச் சொல்லவில்லை என்று தெரியும். கணவர் இடையில் புகுந்தார்: “ஒப்பரேஷன் நேரம் எண்டு போடுவம்.” ஒப்பரேஷன் நடந்து மாதக்கணக்காகிவிட்டது. பொய் வேண்டாம் என்றேன். கடைசியில் இரண்டு கடிதங்களையும் ஒன்றென நினைத்துவிட்டேன் என்ற உண்மையே போனது. படிக்கும்போது எனக்கே அது காரணமாகத் தெரியவில்லை.

முறையீடு தவணை கடந்து வந்திருக்கிறது, மேன்முறையீட்டுச் சபைக்கு அனுப்புகிறோம், விசேட காரணம் உண்டா என்று அவர்கள் பார்ப்பார்கள் என்று கொம்யூனிலிருந்து பதில் வந்தது. விசேட காரணம் என்றால் என்ன? குழப்பம் ஒரு காரணமா? யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

நூலகத்தில் கிழமைக்கொருமுறை இலவசச் சட்ட ஆலோசனை நடக்கும். அங்கே போனேன். ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒரு அம்மா இருந்தார். இரண்டு காதிலும் கருவி மாட்டியிருந்தார். எனக்காக மெதுவாகப் பேசினார், அவருக்காக நான் உரத்துப் பேசினேன்.

“கடிதம் வந்த பிறகு கொம்யூனோடு பேசினீர்களா?”

“பேசினேன். ஆனால் முறையீடு செய்யவில்லை. உடன்படவில்லை என்று மட்டும் சொன்னேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கொம்யூனிலிருந்து என் கோப்பு முழுவதையும் கேட்டு எடுத்து வரச் சொன்னார். மறு கிழமை கொண்டுபோனேன். தாள் தாளாகப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். அந்த இளம்பெண் எழுதிய குறிப்பு. முடிவு வந்து ஒன்பதாம் நாள்: “தொலைபேசியில் பேசினார். முடிவுக்கு உடன்படவில்லை என்கிறார்.”

“இதுதான் உங்கள் முறையீடு. வாயால் சொன்னாலும் போதும். நீங்கள் பிந்தவே இல்லை” என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கோ தலை சுற்றியது. முறையீடு என்றால் ஒருவருக்கு எதிராகப் போவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்று நான் அவளோடு மரியாதையாகக் கதைத்தேன், வைக்கும்போது நன்றிகூடச் சொன்னேன். அது எப்படி முறையீடாகும்? கொடுப்பனவை நிறுத்தியவளும் அவள்தான், நான் சொன்னதை மறக்காமல் எழுதி வைத்தவளும் அவள்தான். அவளைக் கோபிப்பதா, கும்பிடுவதா? ஒருவேளை அன்று அவள் வேகமாகச் சொன்னது இந்தத் தவணையைப் பற்றியதாகவும் இருக்கலாம். அதை நான் அறியப்போவதில்லை.

அந்தக் குறிப்பின் பிரதியோடு சட்டத்தரணி அம்மா சபைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினார். இலையுதிர் காலத்தில் பதில் வந்தது. முதற் பந்தி விளங்கியது: முறையீடு தவணைக்குள் வந்ததாக ஏற்கப்பட்டது. அடுத்த பந்தியில் என் விடயம் “வீட்டுக்கு அனுப்பப்பட்டது” என்பதுபோல ஒரு டெனிஷ் சொல் இருந்தது. துரத்திவிட்டார்கள் என்று நினைத்துச் சமையலறையில் நின்று அழுதேன். கணவர் மகளுக்குத் தொலைபேசி எடுத்து, எனக்கும் கேட்க ஒலிபெருக்கியில் போட்டு, அந்தப் பந்தியை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“இல்லை, அப்பா. கொம்யூனுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தோளைச் சரியாகப் பரிசோதிக்காமல் முடிவெடுத்தது பிழையாம். திரும்பப் பார்க்க வேண்டும்.”

“அப்ப வெண்டிட்டமா?” என்று கேட்டேன்.

அவள் இம்முறை தமிழில் சொன்னாள்: “தெரியேல்லை அம்மா. ஆனா தோக்கேல்லை.”

இரண்டு கிழமையில் அதே இளம்பெண் தொலைபேசி எடுத்தாள். புதிய வைத்தியப் பரிசோதனைக்கு நாள் குறித்தாள், கொடுப்பனவு மீண்டும் தொடங்கும் என்றாள். பிறகு வேகமாக ஏதோ சொன்னாள். யா என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டு, “மன்னியுங்கள், விளங்கவில்லை. மெதுவாகச் சொல்லுங்கள்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. முதலிலிருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பரிசோதனைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றுதான் கேட்டிருக்கிறாள். வேண்டும் என்றேன்.