மில்லுக்குத் தெரியாத வலி

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நான் தற்காலிக மேஸ்திரியாக இருந்தேன். அந்தத் தற்காலிகம் என்ற சொல்லைத் தூக்கத்தில்கூட நான் மறந்ததில்லை. நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் பகுதியில் ஒரு மேஸ்திரி ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அந்த இடத்துக்கு இரண்டு பேரைப் பார்த்து வைத்திருக்கிறோம், தை பிறந்ததும் ஒருவரை நிரந்தரம் செய்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஒருவன், அதுவரை அந்த வேலையைத் தற்காலிகமாகப் பார்த்துவந்த நான். இன்னொருவன் என்னோடு ஒரே நாளில் மில்லில் சேர்ந்தவன், ஒரே சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு போனவன், ஃபிரேமில் வேலை பார்த்த என் கூட்டாளி. அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு இடுப்பு வலி வந்து சேர்ந்தது.

சும்மா வந்துபோகிற வலி இல்லை. நடுமுதுகில் பிடிக்கும், வலது இடுப்புப் பூட்டில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், அங்கிருந்து தொடைக்குப் பின்பக்கமாக ஒரு கோடு இழுக்கும். காலையில் பல் விளக்கக் குனிந்தால் நிமிர்வதற்குச் சுவர் வேண்டும். செருப்பு மாட்டுவதற்கு ஒரு யோசனை, பஸ் படி ஏறுவதற்கு ஒரு யோசனை. மில்லில் இடுப்பு வலி என்று வாய் திறந்தவனை இரண்டே விதமாகத்தான் பார்ப்பார்கள். ஒன்று அவன் நடிக்கிறான், அல்லது அவன் கதை முடிந்தது. அந்த இரண்டு வித ஆளையும் மேஸ்திரியாக்க மாட்டார்கள்.

அதனால் மறைத்தேன். மில் டிஸ்பென்சரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அங்கே எழுதுகிற சீட்டு சாயங்காலத்துக்குள் ஆபீசுக்குப் போய்விடும் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை, நானாக முடிவுசெய்ததுதான். வார விடுமுறையில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், என் முகம் தெரியாத மருந்துக் கடையில் பிளாஸ்திரியும் தைலமும் வாங்குவேன். "யாருக்கு?" என்று கடைக்காரர் கேட்டால் "மாமியாருக்கு" என்பேன். ஒருநாள் பால்கோவாக் கடை வாசலில் எங்கள் ஆபீஸ் கிளார்க் நின்றிருந்தார். கோர்ட் வேலையாக வந்திருப்பார், கையில் பால்கோவாப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றிருப்பார், அவ்வளவுதான். என்னைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறார் என்றே நினைத்து, தைலச் சீசாவை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த தெருவில் ஒரு மணி நேரம் சுற்றினேன். வலிக்கு வாங்கின தைலம், தடவுவதற்கு முன்பே வலியைக் கூட்டிவிட்டது.

வீட்டுக்காரி சிரித்தாள். "உங்களுக்கு வலி இடுப்புல இல்ல. சந்தேகம்தான் அங்க ஏறி உக்காந்திருக்கு" என்றாள்.

அவள் சொன்னால் நான் கேட்டுவிடுவேனா? கேட்காததற்கு எனக்கு ஒரு காரணமும் கிடைத்தது. கூமாப்பட்டியில் ஒருவர் மூட்டு வலிக்குப் பொடி தருகிறார், மூன்றே நாளில் நிற்கிறது என்று அவளுடைய அண்ணன் வாங்கிவந்து கொடுத்தார். மூன்று நாள்கூட ஆகவில்லை, இரண்டாம் நாளே வலி போன இடம் தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பொடிக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். நான் பொடியை உள்ளங்கையில் கொட்டி வெயிலில் வைத்துப் பார்த்தேன். பச்சிலைத் தூளுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ மினுங்கியது. நாக்கில் வைத்தால் இங்கிலீஷ் மாத்திரையின் கசப்பு. பத்து நாளில் என் கன்னம் இரண்டும் உப்பி, கண் இடுங்கிப்போனது. பொடியைச் சாக்கடையில் கொட்டினேன். வலி மறுபடி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

அதுதான் என்னைக் கெடுத்தது. ஒருமுறை என் சந்தேகம் சரியாகிவிட்டது. அதன்பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஐப்பசி மழை நாளில், டீ குடிக்கிற நேரத்தில் கூட்டாளி என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாப்ள, ஒரு பக்கமாவே சாஞ்சு நிக்கிறியே. இடுப்பா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். சட்டென்று நேராக நின்றுகொண்டேன்.

"இல்லன்னா நல்லது. இருந்துச்சுன்னா ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பாய் இருக்காரு. தகரப்பெட்டிக் கடை வச்சிருக்காரு. கடை திறக்குறதுக்கு முன்னாடி, பின்கட்டுல வச்சு எலும்பு, பூட்டு எல்லாம் பாப்பாரு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குச் சுத்தமாச் சரியாயிருச்சு. நான் அனுப்புனேன்னு சொல்லு."

தெரிந்த ஒருத்தர் யார் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுக்க ஒரே யோசனை. எனக்கு வலி என்று இவனுக்கு எப்படித் தெரியும்? என் இடுப்பை இவன் ஏன் பார்க்கிறான்? மேஸ்திரி வேலைக்கு எனக்குப் போட்டியாக நிற்பவன், எனக்கு வைத்தியம் சொல்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. இருந்தாலும் வலி ஆளை விடவில்லையே. அடுத்த விடுமுறையில் போனேன்.

பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். பெட்டிக்கு வர்ணம் அடித்த கறை விரல்களில் அப்படியே இருந்தது. என்ன வேலை என்று என்னைக் கேட்கவில்லை. நானும் எச்சரிக்கையாக, வியாபாரம் செய்கிறேன் என்று சொல்லலாம் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். பெயரையும் அனுப்பியவன் பெயரையும் மட்டும் சொன்னேன்.

"செத்த இப்படிச் சுவரு வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றார்.

நடந்தேன். திரும்பி வந்தேன். இடுப்பை ஒருதரம் அழுத்திப் பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"மில்லுல ரிங் ஃபிரேம்தான? வலது முட்டியால தட்டித் தட்டி ஸ்பிண்டில நிப்பாட்டுவீக. எம்புட்டு வருசமா? பத்து, பன்னிரண்டு இருக்குமா?"

ரிங் ஃபிரேமில் நூல் அறுந்தால், நூல் சுற்றுகிற கதிரான அந்த ஒரு ஸ்பிண்டிலை மட்டும் முட்டியால் பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் நூலைப் பிணைக்க வேண்டும். ஒரு ஷிப்டில் எத்தனை நூறு தடவையோ. எல்லோருக்கும் பழக்கம் வலது முட்டிதான். நான் பன்னிரண்டு வருஷம் அப்படித் தட்டியவன். மேஸ்திரியான பிறகும், போகிற வழியில் அறுந்த நூலைக் கண்டால் முட்டி தன்னால் போய் இடிக்கும். ஆனால் இது இந்தத் தகரப்பெட்டிக் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? வருஷக் கணக்குவரை சொல்கிறாரே! எனக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. கூட்டாளி முன்னாடியே வந்து எல்லாவற்றையும் சொல்லி வைத்திருக்கிறான். நான் இங்கே வந்தேன், இடுப்பைக் காட்டினேன் என்பதற்குச் சாட்சி தயார் செய்கிறான். நாளைக்குச் சூப்பர்வைசர் காதுக்குப் போகும்.

"ஆள் மாறிருச்சு பாய். நான் மில்லு இல்ல. சும்மா சுளுக்கு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவர் பின்னாலேயே வாசல்வரை வந்து, "இந்த வலிய வளர விடாதீக" என்றார். மிரட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் செய்ததை இப்போது எழுதவே கை கூசுகிறது. யார் எந்த ஃபிரேம் பார்ப்பது என்று பிரித்துக் கொடுப்பது மேஸ்திரி வேலை. சில மாதங்களுக்கு முன் கூட்டாளி என்னிடம் வந்து, "மாப்ள, என்னைப் புது ஃபிரேமுக்கு மாத்திவிடேன்" என்று கேட்டிருந்தான். புது ஃபிரேமில் பிரேக் பூப்போல இருக்கும், தொட்டாலே நிற்கும். அப்போது கொடுத்திருந்தேன். அன்றைக்கு அதைப் பிடுங்கி, கடைசி வரிசையில் இருந்த பழைய ஃபிரேமுக்கு அவனை அனுப்பினேன். அந்தப் பிரேக்குகள் துருவேறியவை. முட்டியால் ஓங்கி இடித்தால்தான் ஸ்பிண்டில் நிற்கும். நூலும் அங்கேதான் அதிகம் அறும்.

சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தேன். "சரிங்க மேஸ்திரி" என்று மட்டும் சொன்னான். அதுவரை என்னை அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. குட்டு உடைந்ததால்தான் வாயடைத்துப் போனான் என்று எனக்குள் ஒரு திருப்தி.

தை பிறந்தது. என்னை நிரந்தரம் செய்தார்கள். அதற்குள் கூட்டாளி அடிக்கடி லீவு போட ஆரம்பித்திருந்தான், அதனால் போட்டியே இல்லாமல் போயிற்று. எனக்கோ வேலை கிடைத்தது, வலி குறையவில்லை. மாசி கடைசியில் ஒருநாள் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. வீட்டுக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. "மேஸ்திரி ஆயாச்சுல்ல? இன்னும் யாருக்குப் பயந்து சாகுறீக? அந்தப் பாயிட்டயே போவோம், நானும் வாரேன்" என்று என்னைக் கைத்தாங்கலாகப் பஸ் ஏற்றினாள்.

பாய் கடைப் பின்கட்டில் எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். முதல் ஆளை நடக்கச் சொன்னார். "மில்லுதான? ரிங் ஃபிரேம். வலது முட்டி" என்றார். அந்த ஆள் ராஜபாளையத்தில் வேறொரு மில். இரண்டாவது ஆளுக்கும் அதே கேள்வி, அவர் தளவாய்புரம் பக்கம். மூன்றாவது ஆளைப் பார்த்து, "நீங்க மில்லு இல்ல. மாட்டு வண்டியா?" என்றார். அவர் ஆமாம் என்றார். வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எதையும் போட்டுக் கொடுக்கவில்லை. என் நடையே சொல்லியிருக்கிறது.

பாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார், ஆனால் குத்திக்காட்டவில்லை. மாயமந்திரம் ஒன்றும் செய்யவும் இல்லை. மூன்று நாளில் சரியாகும் என்று சொல்லாததே எனக்கு முதல் நம்பிக்கை. கட்டிலை விட்டுத் தரையில் ஜமுக்காளம் விரித்துப் படுக்கச் சொன்னார். வறுத்த மணலைத் துணியில் முடிந்து காலையும் மாலையும் ஒத்தடம். குப்புறப் படுத்துக் காலை ஒவ்வொன்றாக மெல்லத் தூக்கி இறக்கப் பழக்கினார். வாரம் ஒருமுறை வந்தால் இடுப்பைச் சுற்றி நீவி விடுவார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: வலது முட்டி இனிப் பிரேக்கைத் தொடக் கூடாது. "அதத் தொட்டா நான் செஞ்சதெல்லாம் வீண்" என்றார்.

ஆறேழு வாரம் ஆயிற்று. ஒருநாள் காலையில் பல் விளக்கிவிட்டுச் சுவரைப் பிடிக்காமல் நிமிர்ந்திருந்தேன். நிமிர்ந்த பிறகுதான் அது உறைத்தது. வாயில் பற்பொடியோடு நின்று அழுதேன்.

அந்த வாரம் பாயிடம் போனபோது அவர் கேட்டார். "உங்கள அனுப்புனாரே, அவரு எங்க? நல்லாச் சரியாயிருந்தாரு. புது மெசினுக்கு மாத்திட்டாக, முட்டிக்கு வேலையே இல்லன்னு சந்தோசமாச் சொல்லிட்டுப் போனாரு. பொறவு ஒருநா வந்து, என் விசயத்த மேஸ்திரிட்ட ஏன் சொன்னீகன்னு சத்தம் போட்டாரு. நான் எதுக்குச் சொல்லப் போறேன்? சொன்னா நம்பல. அதோட வர்றதில்ல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எல்லாம் விளங்கியது. தெரிந்த ஒருத்தர் என்று சொன்னது அவனைத்தான். அவனும் என்னைப் போலவே மறைத்திருக்கிறான். மறைத்துக்கொண்டே, தன் வைத்தியரை எனக்குக் காட்டியிருக்கிறான். பாயிடம் போகச் சொன்ன அடுத்த விடுமுறை முடிந்ததுமே நான் அவனைப் பழைய ஃபிரேமுக்குத் துரத்தினால், பாய் வாய் விட்டுவிட்டார் என்றுதானே நினைப்பான்? அவனைப் பழைய ஃபிரேமில் மட்டும் நான் தள்ளவில்லை, அவனைக் குணப்படுத்தக்கூடிய ஒரே ஆளிடமிருந்தும் பிரித்துவிட்டேன்.

அப்போது அவன் மில்லுக்கு வந்தே மூன்று வாரம் ஆகியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் சுவரோரம் தலையணை அண்டக்கொடுத்துச் சாய்ந்திருந்தான். மனைவி அடுப்படியில் இருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்கும் இதே இடுப்பு, பாய் உன்னைப் பற்றி என்னிடம் மூச்சு விடவில்லை, நீதான் என்னைப் போட்டுக் கொடுக்கிறாய் என்று நானாக நினைத்து ஃபிரேமை மாற்றினேன், தப்பு என்னுடையது, புது ஃபிரேமுக்கே வா, நாளைக்கே பாயிடம் நான் கூட்டிப் போகிறேன்.

அவன் என்னை மேஸ்திரியாகத்தான் பார்த்தான். எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பு சரியில்லை என்று தொடர்ந்து லீவு போடுகிறவன் வீட்டுக்கு மேஸ்திரியை அனுப்பி, ஆள் தேறுவானா, கணக்கை முடித்துவிடலாமா என்று பார்த்துவரச் சொல்வார்கள். மேஸ்திரி ஆதரவாகப் பேசித்தான் விஷயத்தைக் கறப்பார். என்னை யாரும் அனுப்பவில்லை. ஆனால் அதை அவனிடம் எந்த வாயால் சொல்வது?

"எனக்கு இடுப்புல ஒண்ணுமில்ல மேஸ்திரி" என்றான். "காய்ச்சலுதான். திங்கக்கிழமை வந்துருவேன். ஆபீஸ்ல அப்படியே சொல்லிருங்க."

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்தான். பிடித்த கையை உடனே எடுத்துவிட்டான். கதவு வரைக்கும் நடந்து, திரும்பி, மறுபடி சுவர் வரைக்கும் நடந்து காட்டினான். வலது கால் தரையில் படுகிற ஒவ்வொரு தடவையும் எங்கே இழுக்கும், எங்கே வெட்டும் என்று எனக்கு அத்துப்படி. உதட்டைக் கடித்துக்கொண்டு, கெந்தாமல், ஒரு பொய்ச் சிரிப்போடு நடந்தான். அடுப்படியிலிருந்து அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"பாத்துக்கிட்டீகல்ல?" என்றான்.

"உக்காரு மாப்ள" என்றேன். "தயவுசெஞ்சு உக்காரு."

அவன் உட்காரவில்லை. நான் இருக்கும்வரை உட்கார மாட்டான் என்று தெரிந்தது. அவன் உட்கார வேண்டுமே என்பதற்காகவே அங்கிருந்து வேகமாகக் கிளம்பினேன்.