தேசாங்கா கேட்ட ஒரே அனுமதி

எங்கள் நகராட்சியில் நூற்று நாற்பத்திரண்டு பேர் வேலை செய்கிறோம். கணினியில் யார் எந்தப் படிவத்தைத் திறக்கலாம், யார் பார்த்துவிட்டு மூட வேண்டும், யார் 'அனுமதி' என்ற பச்சைப் பொத்தானை அழுத்தலாம் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்பவள் ஒருத்திதான். அவள் தேசாங்கா. வயது ஐம்பத்தெட்டு. குள்ளமான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி, என்ன நடந்தாலும் உயராத குரல். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் லியூபிங்கா, அவளுக்குப் பக்கத்து மேசை. மனு வாங்கும் சன்னலில் உட்கார்ந்து இருபத்தாறு வருடமாக ஊராரிடம் திட்டு வாங்குவது என் உத்தியோகம்.

தட்டச்சு செய்ய வந்தவள் அவள். முத்திரைக் கட்டைகள் இருந்த காலத்தில் அலமாரிச் சாவி அவளிடம் இருந்தது. கணினி வந்தபோது, சாவியைத் தொலைக்காதவளிடமே இதையும் கொடுப்போம் என்று கொடுத்துவிட்டார்கள். ஒருமுறை நகராட்சித் தலைவரே நேரில் வந்து, தன் மச்சான் கட்டட மனுக்களை எட்டிப் பார்க்க ஒரு வழி செய்யச் சொன்னார்.

"அதுக்கென்ன தலைவரே, படிவம் இருக்கு. எதுக்குன்னு காரணம் எழுதச் சொல்லுங்க" என்றாள்.

மச்சான் ஒன்பது வருடமாகக் காரணம் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

இப்படிப்பட்டவளுக்குக் காதல் வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது! ஏழாம் எண் பேருந்தின் ஓட்டுநர் ராதிசாவ், மனைவியை இழந்தவர். இருபது வருடம் அவர் இருக்கைக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வேலைக்கு வந்திருக்கிறாள். காலை வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. போன வசந்தத்தில் அவர் ஓய்வுபெற்ற நாளன்று, "நாளையிலேருந்து உங்களை எங்க பாக்குறது?" என்று கேட்டுவிட்டார். இவளுக்கு வாய் குழறி, வழக்கம்போல "மனு எழுதிக் கொடுங்க" என்று சொல்லிவிட்டாள். மனுஷன் உண்மையாகவே பயணச்சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். காரணம்: இருபது வருஷமாகக் கண்ணாடியில் பார்த்தாயிற்று, இனி நேரில் பார்க்க வேண்டும். அன்று முழுக்க அவள் பச்சைப் பொத்தானுக்குப் பதில் சிவப்பை அழுத்திக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தை அந்தப் பேருந்துக்குள்ளேயே வைப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். இந்தக் கூத்துக்கு நான்தான் சாட்சி. நாளும் குறித்தாயிற்று, டிசம்பர் இருபது, சனிக்கிழமை. தள்ளிப்போட வழியில்லை. திங்கட்கிழமை காலை அந்தப் பேருந்தை உடைத்து இரும்புக்குப் போட எடுத்துப் போகிறார்கள்.

அலுவலகத்துக்கு வெளியே கல்யாணம் என்றால் அதற்கும் ஒரு மனு உண்டு. முதலில் பதிவாளர் வுகிட்சா, பிறகு துறைத்தலைவர் மிலோயே, இரண்டு பேரும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். முந்தைய வேலைநாள் மாலை மூன்றரைக்குள் முடியாவிட்டால் மனு தானே மூடிக்கொள்ளும். தேசாங்கா பத்து நாளைக்கு முன்பே போட்டுவிட்டாள். போட்டதோடு சரி, என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்கவில்லை. தன் மனுவைத் தானே எட்டிப் பார்ப்பது முறையில்லையாம்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு என்னால் பொறுக்க முடியவில்லை.

"அடியே, வந்துச்சா இல்லையா?"

"வரும்போது வரும், லியூபா."

"நாளைக்குக் கல்யாணத்தை வச்சுக்கிட்டு வரும்போது வருமா? திறடி அதை!"

திறந்தாள். வுகிட்சா அழுத்தியிருந்தாள். மிலோயே திறக்கவேயில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அன்று புனித நிக்கோலா நாள்.

எங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு, அவருடைய நாள்தான் அந்த வீட்டின் ஸ்லாவா. நிக்கோலா நாளில் பாதி ஊர் விருந்து வைக்கும், மீதி ஊர் அதைச் சாப்பிடப் போகும். எங்கள் இருவர் வீட்டு ஸ்லாவாவும் நவம்பரிலேயே முடிந்துவிட்டதால் நாங்கள் அலுவலகத்தில் இருந்தோம். மற்றபடி அலுவலகத் தாழ்வாரத்தில் காக்காய் குருவி இல்லை.

மிலோயே இல்லாவிட்டால் அவருக்கு மாற்றாள் ஓப்ரேன் அழுத்தலாம். தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க ஓப்ரேன்?"

"இது என்ன கேள்வி? மிலோயே வீட்டு ஸ்லாவாவுலதான். நான் அவனுக்குக் கூம் ஆச்சே!"

மிலோயேயிடம் கொடுங்கள் என்பதற்குள் விருந்துச் சத்தத்தில் வைத்துவிட்டார், அதன்பின் இரண்டு பேருமே எடுக்கவில்லை. கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவைத்தவன்தான் கூம். எங்களுக்கு அது ரத்த உறவுக்கும் மேல். மாற்றாள் யார் என்று படிவத்தில் கேட்டபோது எங்கள் மகாராஜாக்கள் அத்தனை பேரும் அவரவர் கூமின் பெயரையே எழுதியிருக்கிறார்கள்! விருந்து வைப்பவனும் அங்கே, மாற்றாளும் அங்கே. அது போதாதென்று, மிலோயே விடுப்பு என்று பதிவு செய்தால்தான் வேலை ஓப்ரேனுக்குப் போகும். ஸ்லாவாவுக்குப் போய் எவன் விடுப்பு பதிவு செய்வான்? அதுதான் ஊருக்கே தெரியுமே!

"நீயே அவருக்கு விடுப்புன்னு போட்டுடு தேசா. ஒரு தட்டு தட்டினா போதும்" என்றேன்.

"அது அவர் செய்யவேண்டியது."

"சரி, எனக்கு அவரோட உரிமையைக் குடு. நான் அழுத்திட்டு உடனே திருப்பித் தர்றேன்."

"எல்லார் சாவியும் என்கிட்ட இருக்கு லியூபா. என் கதவுக்காக அதுல ஒண்ணைத் தொட்டேன்னா, திங்கக்கிழமை நான் எந்த மூஞ்சியோட இங்க உட்காருவேன்?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் இவளே, பூசாரியும் இவளே, வரம் கேட்டு நிற்பவளும் இவளே! பேசிப் பயனில்லை. அவளையும் அவள் மடிக்கணினியையும் அள்ளிக்கொண்டு கிளம்பினேன். ராதிசாவைக் கூப்பிட்டேன், தன் காரை எடுத்து வந்தார். அறுபத்தாறு வயது மாப்பிள்ளை பனியில் அந்த ஓட்டு ஓட்டியதை நான் என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

மிலோயே வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி இரண்டு. எங்களைப் பார்த்ததும் அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நாங்கள் விருந்துக்கு வந்திருப்பதாக நினைத்துவிட்டார்.

"வாங்க, வாங்க! எங்க வீட்டுப் புனிதர் உங்களைக் கூட்டிட்டு வந்திருக்கார்!"

"தலைவரே, ஒரு சின்ன மனு..." என்று ஆரம்பித்தேன்.

"மனுவா? முதல்ல கோதுமை!"

ஸ்லாவா வீட்டில் சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமையை ஒரு கரண்டி வாயில் போடாமல் எதுவும் நடக்காது. போட்டோம். பிறகு ரக்கியா என்ற பழச்சாராயம். பிறகு நோன்புக்காலத்து மீன் சூப். பிறகு அடுப்பில் வெந்த அவரை. எழுந்தால் அவர் மனைவி ஸ்தாமேனா தோளைப் பிடித்து அமுக்குகிறாள். "சமையல் பிடிக்கலையா?" என்று கண்கலங்குகிறாள். ராதிசாவ் மட்டும் நிம்மதியாக இரண்டாவது துண்டு மீனை உரித்துக்கொண்டிருந்தார். மூன்று மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். ஊறுகாய்க் கிண்ணம் துள்ளி விழுந்தது.

"நாளைக்கு இவளுக்குக் கல்யாணம்! நீங்க பொத்தான் அழுத்தாம மீன் திங்கிறீங்க!"

மிலோயே வெலவெலத்துப் போனார். கைபேசியை எடுத்துக் கடவுச்சொல்லைப் போட்டார். தவறு. மறுபடி போட்டார். தவறு. மூன்றாவது முறை ஓப்ரேன் சொன்னதைப் போட்டார், கணக்கே பூட்டிக்கொண்டது.

"சரி விடு, தேசாங்காதான் இங்கயே இருக்காளே. தொறம்மா!"

"பூட்டு நீக்குற படிவம் இருக்கு தலைவரே. உங்க கைபேசியிலேயே வரும்."

மிலோயே கைபேசியை மேசையில் வைத்தார்.

"என் வீட்டுல, என் ஸ்லாவாவுல, என்கிட்டயே மனுவா?"

"யாரா இருந்தாலும் அதானே வழி."

திட்டிக்கொண்டே ஒற்றை விரலால் நிரப்பினார். அதுவரை மற்றவர்கள் மனுவை அனுமதித்தே பழகியவர், முதல்முறையாகத் தானே ஒன்றை எழுதுகிறார். காரணம் என்ற இடத்தில் 'மீன் சாப்பிட்டதில் மறந்துவிட்டது' என்று எழுதினார். அனுப்பினார். தேசாங்கா மடிக்கணினியில் கடைசி வரை படித்தாள். திருப்பி அனுப்பினாள்.

"தேதி போன வருஷத்துது."

மூன்று மணி பதினைந்து நிமிடம். மேசையைச் சுற்றியிருந்த இருபது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். நான் மீன் தட்டைத் தூக்கிவிட்டேன், யார் தலையில் போடுவதென்று தெரியாமல் திரும்ப வைத்தேன். "கல்யாணப் பொண்ணா இவ, இல்ல கல்லா?" என்றார் ஓப்ரேன்.

ராதிசாவ் வாயைத் துடைத்துக்கொண்டு முதல்முறையாகப் பேசினார்.

"அவ சொல்றபடியே எழுதுங்கப்பா. அவளை மாத்திட்டு அனுமதி வாங்கினா, நாளைக்கு நான் வேற யாரையோ கட்டிக்கிட்ட மாதிரி ஆயிடும்."

தேசாங்காவின் கண்ணாடி பனித்துவிட்டது. துடைக்கக் கைவரவில்லை அவளுக்கு.

மிலோயே தேதியைத் திருத்தினார். பூட்டு நீங்கியது. புதுக் கடவுச்சொல் வைக்க வேண்டும். மனுஷன் ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டினார், இருபது பேரும் கூடவே சொன்னார்கள்.

"ஊருக்கே சொல்லிட்டீங்க. மாத்துங்க" என்றாள் தேசாங்கா.

"ஐயோ நிக்கோலா!" என்று கத்தினார் மிலோயே. மூன்று இருபத்தாறு. எல்லாரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவைத்தேன். ஸ்தாமேனா கரண்டியும் கையுமாகத் திரும்பி நின்றாள். முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சுவாங்கத் தட்டுவது மட்டும் கேட்டது. பிறகு, "அழுத்திட்டேன்! பச்சை! பச்சை!"

மூன்று இருபத்தொன்பது. தேசாங்காவின் கைபேசி சிணுங்கியது. அந்த வீட்டில் எழுந்த கூச்சலில் நிக்கோலாவின் படமே ஆடியிருக்கும். ராதிசாவைத் தூக்கினார்கள். மிலோயே தன்னைத்தானே வாழ்த்திக்கொண்டு மூன்று முறை குடித்தார். தேசாங்கா ஒரு மூலையில் உட்கார்ந்து கைபேசியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, இன்னும் என்ன குறை?" என்றேன்.

"குறை ஒண்ணுமில்ல. படிக்க வேண்டாம்னு அப்பா சொன்னார், சரின்னேன். முதல் புருஷன் எங்கயும் போகவேண்டாம்னான், சரின்னேன். எனக்கு இது வேணும்னு நான் எழுதிக் கேட்டதே இது ஒண்ணுதான் லியூபா. குடுத்துட்டாங்க பாரு."

அவள் கைபேசியைப் பிடுங்கி என் பைக்குள் போட்டேன். அவளையும் இழுத்துக்கொண்டு விருந்து மேசைக்குப் போனேன்.

மறுநாள் பணிமனையில் ஏழாம் எண் பேருந்துக்குள் நாற்பது பேர் நெருக்கியடித்து நின்றோம். கண்ணாடிகளில் ஆவி வழிந்தது. பதிவாளர் வுகிட்சா ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சட்டத்தைப் படித்தாள். உரிமைகள், கடமைகள் என்று நீண்டது. பிறகு நிமிர்ந்து, "தேசாங்கா, நீங்கள் சுய விருப்பத்துடன்..." என்று தொடங்கினாள்.

"ஆமாம்!" என்றாள் தேசாங்கா. பேருந்தே அதிரும் குரல்.

"இரும்மா, நான் இன்னும் கேட்டே முடிக்கல. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லு."

"வேண்டாம் வுகிட்சா. நீ எதை வேணா கேளு. ஆமாம்."