றப்பர் பூதத்துக்காக நான் வாதாடினேன்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இருந்ததில்லை. நான் படம் ஓட்டுகிறவன். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எங்கே போய் விழுகிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் என் தொழில். அப்படிப்பட்ட நான் முரசுமோட்டையில் இரண்டு கண்ணாலும் கண்டதைச் சொல்கிறேன்.

1961ஆம் ஆண்டு. சின்னராசா அண்ணையிடம் படம் காட்டும் மெசின் ஒன்றும் எண்ணெய் எஞ்சின் ஒன்றும் இருந்தன. அறுவடை முடிந்த வயல்களில் ஊர் ஊராகப் படம் காட்டுவோம். சேற்றுக் குளத்திலிருந்து எழும்பி வரும் பூதத்தைப் பற்றிய பழைய ஆங்கிலப் படம் ஒன்றுக்கு அந்தப் பக்கமெல்லாம் பெரிய பேர். அந்தப் பிரதி கிழிந்துபோனது. அதே கதையைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணையை நச்சரித்துக் கொழும்பிலிருந்து அந்தப் பிரதியை வரவழைத்தது நான்தான்.

பரந்தனில் சிரித்தார்கள். கிளிநொச்சியில் கூவினார்கள்.

பூதத்தின் முதுகில் தையல் தெரிகிறதாம். “அண்ணை, உங்கட பூதத்துக்கு வேர்க்குது, சட்டையைக் கழட்டச் சொல்லுங்கோ” என்று ஒருவன் சொல்ல, வயல் முழுக்கச் சிரித்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய படத்தில் பூதத்தை எங்கே காட்டினார்கள்? ஒரு நிழல், ஒரு கை, அவ்வளவுதான். மிச்சத்தைச் சனமே இட்டு நிரப்பிக்கொண்டது. புதிய படம் ஒளிக்கவில்லை. பூதம் முழுதாக வந்து நிற்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் படச்சுருளைக் கட்டம் கட்டமாகப் பார்த்தவன் நான். றப்பர் உடுப்புக்குள் ஒரு மனிதன். கழுத்தில் உள்ள இரண்டு துளைகளால்தான் அவன் பார்க்கிறான். அவனுடைய வாலை இன்னொருவன் தள்ளி நின்று கம்பியால் இழுக்கிறான். இரண்டு பேரும் ஒரே தாளத்தில் அசைய எவ்வளவு பழகியிருக்க வேண்டும்? ஆள் உள்ளே போய்வரத் தையல் இல்லாமல் முடியுமா? கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கினேன். எல்லாரும் கொட்டாவி விட்டார்கள்.

“சனம் பயப்பிட வருது தம்பி, தையல் படிக்க வரேல்லை” என்றார் சின்னராசா அண்ணை. முரசுமோட்டையிலும் சிரித்தால் படத்தைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். இனிமேல் படம் தெரிவுசெய்யும் பேச்சுக்கே நான் வரக்கூடாது.

முரசுமோட்டைக் காட்சி பொழுது பட்டதும் தொடங்கியது. இரண்டு மரங்களுக்கு இடையில் வெள்ளைச் சீலையைக் கட்டி, தண்ணீரால் நனைத்திருந்தோம். நனைந்த சீலையில் படம் மறுபக்கமும் தெரியும். ஆண்கள் முன்னால் இருந்து சுருட்டுப் புகைப்பார்கள். அந்த மணம் பிடிக்காத பெண்கள் சீலைக்குப் பின்னால் பாய் விரித்துக்கொள்வார்கள். அங்கே அதுதான் வழக்கம்.

முதல் சுருளிலேயே சிரிப்புத் தொடங்கிவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் சுருளில் குளம் வந்தது. பூதம் இடுப்பளவு தண்ணீரில் எழும்பியது.

ஏழு ஐம்பதுக்கு எஞ்சின் இருமியது. டுப்... டுப்... நின்றது.

எஞ்சின் நின்றால் மெசினும் நிற்கும். சுருள் சுற்றாது. மின்குமிழ் அணையும். ஒலிபெருக்கி ஊமையாகும். எல்லாம் அப்படியே நடந்தன. குமிழ் இருந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். கும்மிருட்டு.

ஆனால் சீலையில் வெளிச்சம் இருந்தது.

பூதம் அங்கேயே நின்றது.

மெசினின் கண்ணாடி வில்லைக்கு முன்னால் கையை நீட்டினேன். கையில் வெளிச்சம் விழவில்லை. சீலையில் கையின் நிழலும் இல்லை.

சொட்... சொட்... என்று ஒரு சத்தம். நனைந்த சீலைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

யாரும் சிரிக்கவில்லை.

அதன் நெஞ்சு ஏறி இறங்கியது.

தலை மெல்லத் திரும்பியது. முன்வரிசை... அடுத்த வரிசை... ஒவ்வொரு முகமாக...

என்னிடம் வந்து நின்றது.

சின்னராசா அண்ணை எஞ்சினைச் சுழற்றும் சத்தம் கேட்டது. டுப்... டுப்டுப்... குமிழ் எரிந்தது. சுருள் ஓடியது. றப்பர் பூதம் தன் தையலைக் காட்டிக்கொண்டு கரையேறியது. அதற்கும் ஒருவரும் சிரிக்கவில்லை.

படம் முடிந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பழைய படம் இதற்குக் கால்தூசு என்றார்கள். சின்னராசா அண்ணை முதுகில் தட்டினார். “நீ சொன்னது சரிதான். அது நிண்டு பாக்கிற இடம் ஒண்டு போதும்.”

அப்படி ஓர் இடம் படத்தில் இல்லை என்றேன். எஞ்சின் நின்றதைச் சொன்னேன். எஞ்சின் ஒரு கணம் தடக்கினதுதான், உடனே பிடித்துவிட்டது என்றார். குமிழ், வில்லை, கை என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். “இவ்வளவு நாளும் படத்துக்காகச் சண்டை பிடிச்சாய். சனம் நல்லமெண்டு சொல்ல, இப்ப படத்தோட சண்டை பிடிக்கிறாய்” என்று சிரித்தார். விடியும்வரை அந்தச் சுருளைக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். அது எங்கேயும் நின்று பார்க்கவில்லை. என் படம் வென்றுவிட்டது என்றார்கள். வென்றது என் படம் இல்லை என்பதை யாரிடம் சொல்வது?

காலையில் சீலையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அன்னபாக்கியம் என்ற பெண் வந்தார். பக்கத்து வயல் அவருடையது. முதல்நாள் இரவு பெண்களோடு சீலைக்குப் பின்பக்கம் இருந்தவர். அவருக்கு ஒரு குறை இருந்தது.

“படம் நல்லம் தம்பி. ஆனா அது நிண்டு பாத்த நேரம், எங்களுக்கு முதுகுதானே தெரிஞ்சது. அடுத்த முறை எங்களையும் முன்னுக்கு இருத்துங்கோ.”

வழக்கம்போல விளக்கத் தொடங்கினேன். சீலையில் விழுவது ஒரே படம்தான் அக்கா, பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலம் மட்டும்தான் மாறும், முன்னால் முகம் தெரிந்தால் பின்னாலும் முகம்தான்...



“இல்லைத் தம்பி,” என்றார் அவர். “நாங்கள் இருபது பேர் பாத்தனாங்கள். முதுகு. தண்ணி வடிஞ்சுகொண்டிருந்தது.”