வெள்ளிக்கிழமை பதினொரு மணி

மன்னிக்கப் பெரிய மனசு வேண்டும் என்பார்கள். எனக்கு அது இல்லை. வேண்டவும் வேண்டாம்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர் என் வாயில் மண்ணைப் போட்டவர். பிளேஸ்டோ வீட்டின் சமையலறையில் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து, யாழ்ப்பாணத் தூள் திரித்து, பையில் என் பெயரையே ஒட்டி விற்றுக்கொண்டிருந்தேன். "மாதிரிக்கு ரெண்டு பை தாரும், தங்கச்சி" என்று கேட்டு வாங்கிப் போனார். அடுத்த தீபாவளிக்கு அதே தூள், அதே பெயரில், அவருடைய அலமாரிகளில் இருந்தது. பெயரைத் தன்னுடையதாகப் பதிந்துவிட்டாராம். இனி நான் அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று வக்கீலை வைத்துச் சொல்லியனுப்பினார். என்னைப் பெற்றவர்கள் எனக்கு வைத்த பெயர்! வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

தொழிலை மூடிவிட்டு வேலை தேடினேன். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் தொழில் தொடங்க முதலும் ஆலோசனையும் கொடுக்கும் சிறிய நிதியம் ஒன்றுக்கு லண்டனில் அலுவலகம் இருந்தது. அவர்களின் சரக்கை இந்த ஊர்க் கடைகளுக்குக் கொண்டுபோக வழிகாட்டுவது என் வேலை. எங்கெங்கே ஏமாற்றுவார்கள் என்று சொல்ல, ஏமாந்தவளை விட்டால் வேறு ஆள் ஏது?

அப்படி வந்தவள்தான் ஸ்ட்ரெதமில் குடியிருந்த ஒரு பழங்குடிப் பெண். அவளுடைய சனம் காலங்காலமாகப் பறிக்கும் ஓர் இலை, கசக்கினால் எலுமிச்சை மணக்கும். ஊரில் உறவுக்காரர் காயவைத்து அனுப்புவார்கள். இவள் தேநீருக்கென்று டப்பாவில் அடைப்பாள். அதற்கு வைத்த பெயர் அவர்களுடைய மொழிச் சொல். அந்த மொழி பேசுகிறவர்கள் இப்போது மிகச் சிலர். டப்பாவில் அந்தச் சொல்லைப் போட, ஊரில் உரியவர்களிடம் போய்க் கேட்டு அனுமதி வாங்கியிருந்தாள்.

சரக்கை எடுத்து விற்க ஒரு விநியோகஸ்தர் தேவைப்பட்டார். வந்து நின்றது யார்? அதே ஈஸ்ட் ஹாம் முதலாளி! ஒப்பந்தத்தில் அந்தப் பெயரின் உரிமையும் தனக்கே என்று ஓரிடத்தில் சொருகியிருந்தார். அவளுக்கு அதைக் காட்டினேன். முகம் வாடிவிட்டது. "வேறு யாரும் எடுக்கவில்லையே. இந்த வருடம் விற்காவிட்டால் இலை பறிக்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்?" என்றாள். எங்கள் தலைவரான வெள்ளைக்காரரோ முதலாளியின் கோட்டிலும் பேச்சிலும் மயங்கிக் கிடந்தார். என் கதையைச் சொன்னால் சொந்தப் பகை என்று தள்ளிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

கையெழுத்துக்கு நாள் குறிக்கும் வேலை மட்டும் என்னிடம் வந்தது. முதலாளி பஞ்சாங்கம் பார்க்காமல் கடைக் கதவைக்கூடத் திறக்கமாட்டார். வருடப் பிறப்புக்கு அவர் இலவசமாகக் கொடுக்கும் காலண்டரிலேயே அச்சடித்திருக்கும்: வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். வெள்ளி பதினொரு மணி என்று குறித்தேன். மறுநாளே போன் வந்தது.

"தங்கச்சி, ரெண்டு மணிக்கு வைக்கேலாதோ?"

"ஏலாது அண்ணை. தலைவர் மத்தியானம் வெளியால போறார்."

அந்த 'ஏலாது' எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா! தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டால் பெயர் கேட்கத் தேவையில்லை. அவரும் கேட்கவில்லை.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மனிதர் நெற்றியில் திருநீறோடு வந்து உட்கார்ந்துவிட்டார். என்றோ ரெண்டு பை வாங்கிப் போனவருக்கு என் முகம் நினைவில்லை. ஆனால் பேனாவை எடுக்கவில்லை. பன்னிரண்டு தாண்டும்வரை இழுத்தடிக்க வேண்டுமே! மழையைப் பற்றிப் பேசினார். ரயிலைத் திட்டினார். பிள்ளைகளின் பட்டங்களைச் சொன்னார். தேநீர் கேட்டார், ஆறவிட்டு இன்னொன்று கேட்டார். கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. பேச்சுச் சரக்கு எல்லாம் தீர்ந்துபோன நேரம் பார்த்துத் தலைவர், "உங்கள் தூள் ரொம்பப் பிரபலமாமே, எப்படித் தொடங்கினீர்கள்?" என்று கேட்டார்.

முதலாளிக்கு உயிர் வந்தது. சிரித்துச் சிரித்து ஆங்கிலத்தில் சொன்னார். யாரோ ஒரு பெண் வீட்டில் தூள் திரித்தாளாம், பெயரைப் பதிய அவளுக்குப் புத்தியில்லையாம், இவர் முந்திக்கொண்டாராம்.

"அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்று மேசைக்கு எதிரே இருந்த பழங்குடிப் பெண் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? கெட்டிக்காரி இல்லை. முதலில் பதிகிறவனுக்குத்தான் பெயர் சொந்தம்."

தலைவரின் சிரிப்பு பாதியில் நின்றது. மணி பன்னிரண்டைத் தாண்டியது. முதலாளி நிம்மதியாகப் பேனாவை எடுத்து அழகாகக் கையெழுத்துப் போட்டு, தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் தொடவில்லை.

"முதலில் பதிந்தவனுக்கே சொந்தம் என்று சொல்லித்தான் எங்கள் நிலத்தையும் எடுத்தார்கள்," என்றாள். "இலை மக்கிப்போனாலும் பரவாயில்லை. அந்தச் சொல்லைத் தரமாட்டேன்."

மேசைமேல் வைத்திருந்த டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீரும் எங்கட ஆள்தானே. அவவுக்கு ஒரு வார்த்தை சொல்லுமன்."

அவருக்கு என் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரோடு சேர்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். திருநீறுக்குக் கீழே முகம் கறுத்துப்போயிற்று.

"நீரோ அது?"

"ஓம் அண்ணை. அந்தக் கெட்டிக்காரி இல்லாதவள் நான்தான்."

அடுத்த வாரமே அந்தச் சொல்லை அவளுடைய ஊராரின் பெயரில் பதிய வைத்தேன். அதன் பிறகுதான் விநியோகஸ்தர் தேடினோம். கிடைக்கும்வரை நாங்கள் இருவரும் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினோம். கால் வலித்தது, ஆனால் இலை விற்றது.

ஈஸ்ட் ஹாமில் அவருடைய கடை வழியாக இப்போதும் போவேன். என்னைக் கண்டால் அவர் வாசலை விட்டு உள்ளே போய்விடுவார். எனக்கு அங்கே வாங்க ஒன்றுமில்லை. இருந்தாலும் அந்த இடத்தில் மெல்ல மெல்லத்தான் நடப்பேன்.