ஆர்தர் அங்கிளின் பத்தொன்பது போத்தல்கள்

அழுக்கைத் துடைத்ததற்காக ஒருவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? அதற்கான வசனம் எனக்கு ஆங்கிலத்திலும் தெரியவில்லை, தமிழிலும் தெரியவில்லை. இந்த நாட்டில் சிலர் தூசியை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்பதை நான் வந்து நான்காவது வருடத்தில்தான் அறிந்துகொண்டேன். அறிந்துகொண்ட விதம் இன்றைக்கும் என்னைக் கூச வைக்கிறது.

இங்கிலாந்தின் வடக்கில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் நானும் கணவர் ஜெறோமும் மகள் ஷெறினும் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்து வீட்டில் ஆர்தர் அங்கிள் தனியே இருக்கிறார். எண்பத்தொரு வயது. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் பீற்றர் அவுஸ்திரேலியாவில். முதல் நாள் நான் அவரை அங்கிள் என்று அழைத்தபோது அவர் குழம்பிப்போய், "உன்னுடைய அப்பாவை எனக்குத் தெரியாதே" என்றார். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது என்று விளக்கினேன். விளங்கியதா தெரியாது. ஆனால் ஷெறினின் அடுத்த பிறந்தநாள் வாழ்த்து மட்டையில் "அங்கிள் ஆர்தர்" என்று கையெழுத்து வைத்திருந்தார்.

போன வருடம் பங்குனியில் அவருக்கு இடுப்பு எலும்பில் சத்திரசிகிச்சை. வீட்டுத் திறப்பை என்னிடம் தந்தார். பூனைக்குச் சாப்பாடு, செடிகளுக்குத் தண்ணீர். அவர் கேட்டது அவ்வளவுதான்.

இலங்கையில், மன்னார்த் தீவில் இருக்கும் எங்கள் ஊரான தாழ்வுபாட்டில், அப்பா மன்னார் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்துவிட்டு வந்தபோது, அம்மா அலுமாரியின் மேற்தட்டு வரைக்கும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்திருந்தார். வருத்தக்காரன் வந்து தூசிக்குள் படுப்பதா என்று கேட்டார். கடற்கரை வீடு, இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் கதிரையில் உப்புப் பூத்துவிடும், கதவுப் பிணைச்சல் துருப்பிடித்துவிடும். தூசி படிந்த வீடு என்றால் அங்கே ஒரு பொம்பிளை இல்லை, அல்லது இருந்தும் பிரயோசனம் இல்லை. அப்படித்தான் வளர்ந்தேன். ஆகவே அங்கிள் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள், ஷெறினை நேர்சரியில் விட்டுவிட்டு, வாளியும் துணியுமாகப் போனேன்.

குசினி, குளியலறை, விறாந்தை எல்லாம் முடித்தபின் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கதவைக் கண்டேன். திறந்தால் நாலு படி இறங்கும் நிலவறை. குளிர். செங்கல் தட்டுகளில் கறுத்த போத்தல்கள் படுத்துக் கிடந்தன. அவற்றின் மேல் ஒரு விரல் தடிப்புக்குத் தூசி, சிலந்திவலை. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ற் ஒரு கோடாகத் தெறித்திருந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தபோது சிந்தியதாக்கும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் படுத்துக் கிடக்கும் போத்தல் வெறும் போத்தல். வேலியோரம் யாரோ குடித்துவிட்டுப் போட்டது. நிறைந்த போத்தல் நிமிர்ந்து நிற்கும். சாராயப் போத்தலில் தேங்காயெண்ணெய் ஊற்றி வைப்பதென்றாலும், முதலில் தண்ணீரில் ஊறவைத்து லேபலைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மாதா சுரூபத்துக்கு முன்னால் உள்ள விளக்குத் தட்டில் வைப்போம்.

ஈரத்துணி பட்டதும் லேபல்கள் பாதி பாதியாகக் கழன்று வந்தன. பாதி லேபல் அலங்கோலமாக இருந்தது. நகத்தால் முழுதாக எடுத்தேன். வெள்ளைப் பெயின்றைக் கம்பித்தும்பால் உரஞ்சினேன். பத்தொன்பது போத்தல்களையும் உயரப்படி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, வரிசையாக நிறுத்தி வைத்தேன். கதவைச் சாத்தும்போது ஒரு திருப்தி இருந்தது. அதை மறைக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் அங்கிள் ஊன்றுகோலோடு அந்தக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தார். பிறகு, "நீ மிகவும் கடினமாக உழைத்திருக்கிறாய்" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, "பரவாயில்லை அங்கிள், மாதம் ஒருமுறை செய்து தருகிறேன்" என்றேன். அவர் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் ஏதோ பெரிய பிழை செய்துவிட்டேன் என்று எனக்கு விளங்கியது.

அது போர்ட் வைன். மன்னார்க் கோட்டையை முதலில் கட்டிய போர்த்துக்கேயரின் நாட்டில், ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையிலிருந்து எடுப்பது. மிக நல்ல வருடங்களின் திராட்சையை மட்டும் தனியே போத்தலில் அடைத்து, இருபது, முப்பது, ஐம்பது வருடம் இருட்டில் படுக்க வைப்பார்களாம். அடியில் மண்டி படியும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று காட்டத்தான் அந்த வெள்ளைக் கோடு. என்ன வருடம் என்று காட்டத்தான் லேபல். அங்கிள் இதையெல்லாம் கோபமில்லாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைசியாகத்தான், "இவற்றில் ஒன்று பீற்றர் பிறந்த வருடத்தது" என்றார். மகன் பிறந்தபோது வாங்கி வைத்ததாம். இருபத்தொரு வயதில் சேர்ந்து திறப்பதாக இருந்தார்கள். அந்த வயதில் மகன் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். பிறகு வந்தபோதெல்லாம் நாலைந்து நாள்தான், திறக்க வாய்க்கவில்லை. அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு ஆறு வருடத்துக்குப் பிறகு வரப்போகிறானாம்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஜெறோம் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "பத்தொன்பதுக்கும் ஞானஸ்நானம் குடுத்திருக்கிறாய். பேர் வைக்கத்தான் மறந்திட்டாய்" என்றார்.

"பகிடி விடாதேங்கோ. அந்த மனுசன்ர முகத்தைப் பாத்திருந்தா நீங்கள் சிரிக்க மாட்டியள்."

அடம்பனில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்கா என் பக்கம்தான் நின்றாள். "துடைச்சதுக்குக் கவலைப்படுற ஆக்களும் இருக்கினமே? போடி விசரி. ஒரு புதுப் போத்தல் வாங்கிக் குடுத்து விடன்."

"முப்பத்தெட்டு வருசப் போத்தலை எங்கையக்கா வாங்கிறது?"

"அம்மாளே! அது இவ்வளவுக்கும் புளிச்சிருக்குமடி."

அடுத்த கிழமைகளில் அங்கிளும் நானும் நிலவறையில் வேலை செய்தோம். அவர் கையில் ரோச் லைற், என் கையில் கொப்பி. போத்தலின் வடிவம், வாயில் வார்த்த மெழுகின் நிறம், மண்டியின் அளவு என்று பார்த்துப் பார்த்துப் பதினாறை அடையாளம் கண்டுவிட்டார். மூன்று மிச்சம், பீற்றரின் போத்தல் அதில் ஒன்று. மூன்றும் ஒரே கம்பனி, ஒரே கறுத்த மெழுகு. உள்ளே தக்கையில் வருடம் சுட்டுப் பொறித்திருக்குமாம். ரோச்சைக் கழுத்தில் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை. திறந்தால்தான் தெரியும். திறந்தால் ஒன்றிரண்டு நாளில் குடித்து முடிக்க வேண்டும். கலங்கிய மண்டி அடங்கட்டும் என்று மூன்றையும் படுக்க வைத்தோம். ஒன்பது மாதம் நான் அந்தக் கதவைத் திறக்கவில்லை. பூசையில் எல்லாவற்றுக்கும் மன்றாடிவிட்டுக் கடைசியில் அந்த மூன்று போத்தல்களையும் சேர்த்துக்கொள்வேன். சரியோ பிழையோ தெரியாது.

நத்தாருக்கு அடுத்த நாள் மத்தியானம் எங்களையும் கூப்பிட்டார்கள். பீற்றர் உயர்ந்த மனிதர், தகப்பனின் மூக்கு. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும், "எங்கள் அம்மாகூட அந்த அறையைத் துடைக்கத் துணியவில்லை" என்றார். அதற்குச் சிரிப்பதா என்று தெரியாமல் ஜெறோமைப் பார்த்தேன். அங்கிள் மூன்றில் ஒன்றைத் தொட்டார். முதல் நாளே அதை நிமிர்த்தி வைத்திருந்தார். மெழுகைத் தட்டி, தக்கையை இழுத்தார். அது பாதியில் உடைந்தது. பிறகு ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்துக்கு மேலே போத்தலின் கழுத்தைப் பிடித்து, மண்டி வராமல் கண்ணாடிக் குடுவைக்குள் வார்த்தார். ஷெறின் என் காதுக்குள், "அம்மா, இப்ப முழந்தாளிடவேணுமோ?" என்றாள்.

பீற்றர் தக்கைத் துண்டுகளைப் பொருத்தி எழுத்துக்கூட்டி வாசித்தார். அவர் பிறப்பதற்கு மூன்று வருடத்துக்கு முந்தியது.

பீற்றர் உடனே அடுத்த போத்தலை எடுக்கக் கை நீட்டினார். அங்கிள் அதன்மேல் தன் கையை வைத்தார். "இது அடுத்த முறைக்கு" என்றார். "அதுவும் இல்லையென்றால்?" என்று மகன் கேட்டார். "அப்படியென்றால் இன்னும் ஒரு முறை நீ வரவேண்டியிருக்கும்." பீற்றர் தகப்பனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தகப்பனும் மகனும் சிரித்தார்கள். அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெறோம் ஒரு சின்னக் கிளாஸ் குடித்தார். பூசைத் திராட்சை இரசம் தவிர வேறெதையும் தொடாத நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெயிலில் நன்றாய்க் காய்ந்த பனம்பழப் பனாட்டின் இனிப்பு, பின்னால் ஒரு சுள்ளென்ற சூடு. பீற்றர் போகும்போது அடுத்த ஆவணிக்குப் பயணச்சீட்டுப் போடுவதாகச் சொன்னார். நான் செய்த பிழையைச் சரியென்று சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது.

இப்போது வேறு கவலை. போன மாதம் அங்கிள் ஒரு புதுப் போத்தலோடு வந்தார். லேபலை என் முகத்துக்கு நேரே பிடித்து, "இதைக் கழுவாதே" என்றார். ஷெறின் பிறந்த வருடத்துத் திராட்சை. அவளுக்கு இருபத்தொரு வயதாகும் மட்டும் இருட்டில், குளிரில், அசையாமல் ஓரிடத்தில் படுத்திருக்க வேண்டும்.

"ஊருக்குப் போகேக்க என்ன செய்யிறது? மன்னார் வெக்கைக்குள்ள ஒரு மாரி தாண்டாது" என்றார் ஜெறோம். ஷெறின் பள்ளிக்கூடம் சேரும் வயதில் திரும்பிவிடுவோம் என்றுதான் நாங்கள் வந்தோம். அவள் வருகிற புரட்டாதி இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை. நான் தாழ்வுபாட்டில் பிறந்து, கைக்குழந்தையாக வள்ளத்தில் இந்தியாவுக்கு, மண்டபம் அகதி முகாமுக்குப் போய், திரும்பி வந்து, மடு, அடம்பன், மறுபடி மன்னார்த் தீவு என்று போருக்குள் ஓடியவள். எந்த வீட்டிலும் தொடர்ந்து ஐந்து வருடம் படுத்ததில்லை. பிள்ளை இங்கேதான் வளரும் என்று ஒத்துக்கொண்டால்தான் இந்தப் போத்தலுக்கு ஓர் இடம் பார்க்கலாம். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் அந்த மனுசன் இன்னொருமுறை அந்தப் படியில் உட்காருவார்.

நாங்கள் வரும்போது கொண்டுவந்த பெரிய பயணப்பெட்டி கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. இப்போதைக்கு, ஷெறினின் பழைய குளிர்ச்சட்டைகளுக்கு நடுவே, போத்தலை அதற்குள் படுக்க வைத்திருக்கிறேன். பெட்டியைப் பூட்டவில்லை. எங்களைப்போல வந்தவர்களே, ஊரில் இருந்து வாசிப்பவர்களே, ஒரு பொருளை இருபது வருடம் ஓரிடத்தில் வைத்துப் பழகியவர்கள் உங்களில் இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்: இதை எங்கே வைப்பது?