மழை பிரித்த வகுப்பு

மரக்காணத்தில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். மதங்கள் பற்றிய பாடம் வந்தாலே எனக்கு எரிச்சல் வரும். கோயில், சர்ச், மசூதி என்று மூன்று படம் போட்டால் முடிந்துவிடுமா? இந்த ஆடியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இந்த வாரம் உங்க வீட்டுல சாமிகிட்ட என்ன கேட்டாங்க?" என்றேன்.

"மழை வரக்கூடாதுன்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினோம் டீச்சர்" என்றாள் ஒருத்தி. உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற வீடு. மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துவிடும்.

"எங்க அத்தாவும் அதுக்குத்தான் துவா செஞ்சாரு" என்றான் இன்னொரு உப்பளத்து வீட்டுப் பையன். பக்கத்தில் இருந்தவன் வீட்டில் மாரியம்மனிடமே மழை வேண்டாமென்று கேட்டிருந்தார்கள்.

நிலக்கடலை பயிரிடும் பிரம்மதேசத்திலிருந்து வரும் பிள்ளைகள் கொதித்துவிட்டார்கள். "மல்லாட்டை காயுது டீச்சர்! நாங்க மழை வரணும்னு அதே அம்மனுக்குக் கூழ் ஊத்தினோம்!"

"எங்க சர்ச்லயும் மழைக்குத்தான் ஜெபம்" என்று அவர்களோடு சேர்ந்துகொண்டாள் ஒரு விவசாயி மகள்.

மதம் வகுப்பை மூன்றாகப் பிரிக்கும் என்று நினைத்திருந்தேன். மழை இரண்டாகப் பிரித்துவிட்டது. இத்தனை சாமிகளும் இரண்டு வேண்டுதலையும் சேர்த்தல்லவா கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

ஒரு பெண் மட்டும் எந்தப் பக்கமும் பேசவில்லை. அவள் அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை, அம்மாவுக்கு மல்லாட்டைக் கொல்லையில்.

"உங்க வீட்டுல என்னம்மா கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்க மாட்டோம் டீச்சர். வெளக்க ஏத்திட்டு சும்மா நிப்போம்."