ஹில்க்கா ஒட்டிய வயிறு

இனாரி ஏரிக்கரையில் இருபத்தெட்டு வருஷமாகத் தபால் வண்டி ஓட்டுகிறவள் ஹில்க்கா. யார் வீட்டுக் கடிதத்தையும் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. புருஷன் தௌனோவுக்கு ஹெல்சிங்கிப் பூச்சியியலாளரிடமிருந்து வந்ததை மட்டும் மூன்று நாள் வண்டியிலேயே வைத்துச் சுற்றினாள்.

தௌனோ விட்டில் பைத்தியம். சர்க்கரை கலந்த ஒயினில் கயிற்றை ஊறவைத்து மரத்தில் தொங்கவிட்டுப் பிடிப்பான். பத்தொன்பது வருஷத்துக்கு முன் அப்படி ஒரு மஞ்சள் விட்டில் கிடைத்தது. கற்பாசி தின்று வளரும் ஜாதி. எந்த இனம் என்று மட்டும் பிடிபடவில்லை. அந்தக் குளிர்காலம் அவன் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஹில்க்கா தூசு தட்டப்போய் அதன் காய்ந்த வயிற்றை உடைத்துவிட்டாள். இதையும் சொல்லி அவனைச் சாகடிப்பதா? வேறொரு பூச்சியின் வயிற்றை எடுத்துப் பசை வைத்து ஒட்டினாள். அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை.

விட்டிலின் இனத்தை வயிற்று நுனியில் உள்ள உறுப்பைப் பார்த்துத்தான் உறுதி செய்வார்களாம். இப்போது அதற்காக அந்த வயிற்றைத்தான் வெட்டி, விட்டிலின் படத்தோடு ஹெல்சிங்கிக்கு அனுப்பியிருந்தான். நான்காம் நாள் கடிதத்தைக் கொடுத்தாள். அவன் பிரித்துப் படித்தான்.

"இறக்கை ஒரு வகையாம், வயிறு வேற வகையாம். புது இனமா இருக்கலாமாம்! பின்னால எதையும் ஒட்டலன்னு கையெழுத்துப் போட்டா போதும். உன் பேரைத்தான் வைக்கப்போறேன்."

"அடுப்புச் சாம்பலை அள்ளுன்னா காதுல விழாது. பூச்சிக்கு மட்டும் என் பேரா?"

அவன் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்; அவனைப் பொய்யனாக்க அவளால் முடியவில்லை.

"போடாத, தௌனோ."

எல்லாவற்றையும் சொன்னாள். காப்பி ஆறிப்போனது. அவன் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஹில்க்கா மேஜையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"எந்தப் பெட்டியிலேர்ந்து எடுத்த?"

"ஜன்னலோரப் பெட்டி. மூணாவது வரிசை."

"என் விட்டில் ஆணு. பெட்டையோட பெருத்த வயித்தை எடுத்து ஒட்டியிருந்தா அன்னிக்கே மாட்டியிருப்ப." அவன் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "உண்மையை எழுதிட்டேன். நாளைக்குக் கொண்டு போ. இதையாவது வண்டியில வச்சுச் சுத்தாத."

அவன் வெளியே போனதும் அந்த மஞ்சள் விட்டில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தாள். விட்டிலைக் குத்திய ஊசியிலேயே, பிடித்த இடமும் நாளும் எழுதிய பழைய சீட்டுக்கு அடியில், புதிதாக ஒன்று குத்தியிருந்தான்: "வயிறு: ஹில்க்கா. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நான் வருந்தக் கூடாதென்று."